பூட்டிய குளியலறையும் மேசை இழுப்பறையில் கிடந்த மருந்தும் – கனடாவில் இருப்பவர்கள் வாசியுங்கள்

#1 வெண்தாமரை (ஸ்கார்பரோ)

எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

என் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை. கூரை போடும் வேலை. ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடி. வலிக்குக் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது. மருத்துவர் நிறுத்தியதும் வேலைத்தளத்தில் யாரோ கொடுத்த மாத்திரைக்கு மாறினான். பார்த்தால் மருந்துக்கடை மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ளே ஃபெண்டனில் என்ற கடும் போதை மருந்து. பெரியம்மா நகையை விற்று அவனை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் 28 நாள் வைத்தார். தெளிந்துதான் வந்தான். கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். வந்த ஒன்பதாம் நாள் குளியலறைக்குள் போனான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதால் குளிக்கிறான் என்றுதான் வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள்.

மரண அறிவித்தலில் "மாரடைப்பால்" என்று போட்டோம். தட்டச்சு செய்து அனுப்பியது நான்தான்.

எனக்கு உறக்கம் வராததற்குக் காரணம் வேறு. நான் வேலை செய்வது மருந்துக்கடையில். போதை அளவு மீறி (ஓவர்டோஸ்) மூச்சு நிற்பவரை மீட்கும் மருந்தான நலோக்சோன் பெட்டி என் மேசைக்குக் கீழே இழுப்பறையில் கிடக்கிறது. ஒன்டாரியோ மருந்துக்கடைகளில் 2016இலிருந்து இலவசம். மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து ஊதும்போது இடையில் வைக்க ஒரு தடுப்பு, அவ்வளவுதான் உள்ளே. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்து, எப்படி அடிப்பது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெரியம்மா வீட்டுக்கு ஒன்று கொண்டுபோகத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கொண்டுபோனால் "உங்கள் மகன் திரும்பவும் எடுப்பான்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இது இருக்கிறது? அதைத்தான் கேட்க வந்தேன்.

#2 கணக்கப்பிள்ளை (டொராண்டோ)

ஆழ்ந்த அனுதாபங்கள், தங்கச்சி. எங்கள் வீட்டில் இல்லை. உண்மையைச் சொன்னால் இப்படி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கலாம் என்பதே தெரியாது.

நலோக்சோனை நான் எதிர்க்கவில்லை. வீட்டில் தீயணைப்பான் வைப்பதை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் போதையை நிறுத்தாதவருக்கும் அதனால் வரும் கேட்டையாவது குறைப்போம் என்று, "தீங்கு குறைப்பு" என்ற பெயரில் இதோடு சேர்த்து விற்கப்படும் மற்ற சரக்குகளில்தான் எனக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்தில் ஓர் ஊசி மையம் இருந்தது. பள்ளிக்கூட வேலியோரம் ஊசி பொறுக்குவதைப் பெற்றோர்கள் முறை வைத்துச் செய்தோம். இடுக்கியும் ஒரு பழைய கோப்பி டின்னும் இன்னும் என் கராஜில் கிடக்கின்றன. 2023 ஜூலையில் டொராண்டோவின் லெஸ்லிவில் பகுதியில் ஒரு மையத்துக்குப் பக்கத்தில் சுட்டுக்கொண்டார்கள். வழியே நடந்துபோன ஒரு தாய் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் மாகாண அரசு சட்டம் கொண்டுவந்தது. பள்ளி, குழந்தைக் காப்பகம் இவற்றுக்கு 200 மீட்டருக்குள் இருந்த மையங்களில் பெரும்பாலானவை 2025 மார்ச் கடைசியோடு மூடப்பட்டன. சரியாகத்தான் செய்தார்கள் என்பேன்.

ஒருவர் வாசலில் கிடந்த தீங்கை எடுத்து இன்னொருவர் வாசலில் வைத்துவிட்டு, குறைத்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது.

#3 மழைக்காதலன் (வான்கூவர்)

வெண்தாமரை, வருந்துகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில்: என்னிடம் எப்போதும் மூன்று இருக்கும். ஹேஸ்டிங்ஸ் தெருவுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை விடுதி ஒன்றில் இரவுக் காவல் மேசையில் இருக்கிறேன். ஒரு மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை. என் வேலையில் பாதி கதவு தட்டுவதுதான். தட்டினால் உள்ளேயிருந்து கெட்ட வார்த்தையில் திட்டு வரும். திட்டு வந்தால் நிம்மதி. வராவிட்டால் சாவியை எடுப்பேன்.

கணக்கப்பிள்ளை அண்ணே, ஊசி பொறுக்கியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மையம் என்பது என்ன என்று பலருக்குத் தெரியாது. இங்கே இன்சைட் 2003 செப்டம்பரில் திறந்தது. வட அமெரிக்காவில் சட்டப்படி வந்த முதல் மையம். உள்ளே முடிதிருத்தும் கடை மாதிரி வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி. போதைப்பொருளை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். மையம் தருவது சுத்தமான ஊசி, தண்ணீர், பக்கத்தில் ஒரு நர்ஸ். கண்ணாடி வைத்திருப்பது, முதுகைக் காட்டி உட்கார்ந்தவரின் முகத்தையும் நர்ஸ் பார்க்கத்தான். மாடியிலேயே போதைநீக்கப் பிரிவும் இருக்கிறது.

மத்திய அரசு இதை மூடப் பார்த்தது. 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, மூடக்கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் சாவு 35 சதவீதம் குறைந்தது, நகரத்தின் மற்ற பகுதியில் 9 சதவீதம்தான்.

ஆனால் வெண்தாமரையின் தம்பி மாதிரி ஆட்கள் இன்சைட்டுக்கு வரவே மாட்டார்கள். இந்த மாகாணத்தில் செத்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வீடுகளுக்குள் செத்தார்கள். தெருவில் கிடப்பவரை யாராவது பார்த்துவிடுவார்கள். வீட்டுக்குள் பூட்டிக்கொண்டவரை யார் பார்ப்பது?

#4 சிங்கம்78

இவ்வளவு பேச்சு எதற்கு? சிங்கப்பூர் மாதிரி நாலு பேரைத் தூக்கில் போட்டால் தானாக அடங்கும். ஊசியும் கொடுத்து நர்ஸையும் உட்கார வைத்தால் நாளைக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

#5 மட்டுறுத்துநர்

சிங்கம்78, இறந்தவரின் அக்கா தொடங்கிய இழை இது. தொனி கவனம்.

தகவலுக்கு: சிங்கப்பூரில் தூக்கு கடத்துபவருக்கு, ஹெராயின் 15 கிராமுக்கு மேல் இருந்தால். பயன்படுத்தியதற்காக மட்டும் பிடிபடுபவரை மறுவாழ்வு மையத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

#6 மனநலத்தார் (சென்னை)

மருத்துவர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெண்தாமரை, நீங்கள் எழுதியதில் "தெளிந்து வந்தான், ஒன்பதாம் நாள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இது தற்செயல் இல்லை. நிறுத்தியவுடன் உடம்பின் தாங்கும் சக்தி வேகமாக இறங்கிவிடும். மனத்துக்கு மட்டும் பழைய அளவுதான் நினைவிருக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், வந்த முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. மறுவாழ்வு இல்லத்திலிருந்து வருபவருக்கும் உடம்பு அதே உடம்புதான். மாற்று மருந்து தொடங்காமல், நலோக்சோன் கையில் கொடுக்காமல், வெறுமனே "சுத்தமாக்கி" வீட்டுக்கு அனுப்புவதை நான் அரைகுறைச் சிகிச்சை என்பேன். குற்றம் உங்கள் பெரியம்மாவுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

மாற்று மருந்து என்றால் மெத்தடோன், பூப்ரெனார்ஃபின். மூளைக்குள் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், தவிப்பை அடக்கும், ஆனால் ஆளை மிதக்க விடாது. பிரான்ஸில் 1995இலிருந்து சாதாரணக் குடும்ப மருத்துவரே பூப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று விட்டார்கள். நான்கே ஆண்டில் ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் இறங்கியது.

நம் ஊரைப் பற்றியும் கொஞ்சம். கனடா கதைதானே என்று இங்கே இருப்பவர்கள் நகர்ந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பையன்கள் வலி நிவாரணி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் செய்தி வாராவாரம் வருகிறது. மாத்திரையில் மருந்தைவிட மாவுப்பொருள்தான் அதிகம். அது ரத்தக்குழாயை அடைக்கும், கை சீழ் பிடிக்கும். போலீஸ் படம் பிடித்துப் போடும்போது நான் பார்ப்பது மாத்திரை அட்டையை இல்லை, ஊசி எத்தனை, பையன் எத்தனை என்பதை. நான்கு பேருக்கு ஓர் ஊசி என்றால் வயிற்றைக் கலக்கும்.

ஏன் என்றால் இதே கதை அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஆஸ்டின் என்ற சிற்றூரில் நடந்தது. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டார்கள், சில வீடுகளில் தாத்தா, மகன், பேரன் எல்லோருக்கும் ஒரே ஊசி. 2015இல் எச்.ஐ.வி. வெடித்து இருநூறு பேரைத் தாண்டியது. அதுவரை அங்கே பழையதை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி மாற்றித் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. போதைப்பொருள் விஷயத்தில் கறாரான ஆளுநர் மைக் பென்ஸே கடைசியில் அவசர நிலை அறிவித்து அனுமதிக்க வேண்டி வந்தது.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே ஊசி மாற்றும் திட்டத்தையும் நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரெனார்ஃபினையும் பல ஆண்டுகளாக நடத்துகிறது. எச்.ஐ.வி. என்ற கதவு வழியாக வந்ததால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. இன்னொரு விஷயம்: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. வழக்குக்குப் பயந்து பையனை அழைத்துவராத பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

#7 கணக்கப்பிள்ளை (டொராண்டோ)

மருத்துவர் சொன்ன மாற்று மருந்தை ஏற்றுக்கொள்கிறேன். அது சிகிச்சை. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, சிறிய அளவு போதைப்பொருள் கையில் வைத்திருப்பது குற்றமில்லை என்றார்கள். பிடிபட்டால் 100 டாலர் அபராதம், அதுவும் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகச் சிலர். 2024 செப்டம்பரிலிருந்து திரும்பவும் குற்றமாக்கிவிட்டார்கள். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2023 ஜனவரி 31இல் 2.5 கிராம் வரை விட்டது. அடுத்த ஆண்டு மே மாதமே பொது இடங்களில் அதைத் திரும்பப் பெற்றது. தெருச் சரக்குக்குப் பதிலாக அங்கே அரசு கொடுத்த மாத்திரை தெருவில் விலைக்குப் போனதையும் கடைசியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில், இனி ஊழியர் கண்முன்னால்தான் விழுங்க வேண்டும் என்று மாற்றினார்கள். மூன்றுமே "தீங்கு குறைப்பு" என்றுதான் வந்தன. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று கேட்டால் உடனே "உனக்கு இரக்கமில்லை" என்கிறார்கள். நான் கணக்கன். கேட்பேன்.

#8 மழைக்காதலன் (வான்கூவர்)

கேளுங்கள் அண்ணே. மாத்திரை தெருவுக்குப் போனது உண்மை, எங்கள் விடுதி வாசலிலேயே பார்த்தேன். எடுத்தவர்களில் சிலரை அது காப்பாற்றியதையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் இரு பக்கமும் அடிக்க வருகிறார்கள்.

ஒரிகனைப் பார்த்துவிட்டு போர்ச்சுகலையும் பார்க்க வேண்டும். 2001 ஜூலையில் அங்கே பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பது குற்றமில்லை என்றார்கள். ஆனால் பிடிபட்டவர் ஒரு குழு முன்னால் போய் உட்கார வேண்டும். சட்டம் தெரிந்தவர், மருத்துவம் தெரிந்தவர், சமூகப் பணியாளர். அதோடு சிகிச்சைக்கான இடங்களையும் பெருக்கினார்கள். ஒரிகன் அபராதச் சீட்டை முதலில் அடித்துவிட்டது, சிகிச்சைப் படுக்கைகள் பிறகு மெதுவாக வந்தன. சோறு வைக்காமல் இலை போட்ட கதை.

குறையென்றால் எங்கள் பக்கத்துக் குறையை நானே சொல்கிறேன். இப்போது இங்கே பெரும்பாலோர் ஊசி போடுவதில்லை, ஃபாயிலில் வைத்துப் புகைக்கிறார்கள். இன்சைட் ஊசிக்காகக் கட்டியது, உள்ளே புகைக்க முடியாது. தெருச் சரக்கு மாறியது, கட்டடம் மாறவில்லை. 2016 ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. ஏழு ஆண்டு கழித்து, 2023இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். இன்சைட் இருந்தும்தான்.

சரக்கில் இப்போது மயக்க மருந்துகளும் கலந்து வருகின்றன. நலோக்சோன் அவற்றை ஒன்றும் செய்யாது. புதிதாக வருபவர்கள் ஆள் கண் திறக்கவில்லை என்று நான்கு, ஐந்து என அடித்துக்கொண்டே போவார்கள். தேவையில்லை. மூச்சு வருகிறதா, அதைப் பாருங்கள். மூச்சு வந்தபின் அவர் தூங்கினால் தூங்கட்டும், பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

#9 அநாமதேயம்

ஐந்து ஆண்டாக வாசிப்பேன், எழுதியதில்லை. இதற்காகவே கணக்குத் திறந்தேன்.

அக்கா, நானும் கட்டட வேலைதான். உலர்சுவர். உங்கள் தம்பி போன பாதையில் முக்கால்வாசி நானும் போனவன். இப்போது மெத்தடோன், நாலாவது ஆண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெத்தடோனை டாங் என்ற பழச்சுவைப் பானப் பொடி கரைத்த தண்ணீரில் கலந்து ஒரு சின்னப் போத்தலில் தருவார்கள். ஊசியில் ஏற்ற முடியாதபடி அப்படி. முதல் மாதங்களில் தினமும் மருந்துக்கடைக்குப் போய் அவர்கள் முன்னால் குடித்து, ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும், வாயில் வைத்துக்கொண்டு போகவில்லை என்று தெரிய. நான் "தேங்க்யூ, நாளைக்குப் பார்ப்போம்" என்பேன். அந்தக் கடையில் இருந்த பெண் பதிலுக்கு "நாளைக்குப் பார்ப்போம்" என்பார். சில நாள் அது ஒன்றுதான் ஒரு மனிதர் என்னோடு பேசியது.

ஒழுங்காக இருந்தால் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகத் தருவார்கள், பூட்டுப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அம்மா அந்தப் பெட்டியில் நான் காசு சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். காலையில் டாங் குடித்தால் விரதம் முறிந்ததா இல்லையா என்று யாரிடம் கேட்பது? முருகனிடமே விட்டுவிட்டேன்.

கணக்கப்பிள்ளை ஐயா, நீங்கள் மூடச்சொன்ன மாதிரி ஒரு மையத்துக்கு நான் சுத்தமான ஊசிக்காகத்தான் முதலில் போனேன். ஏழெட்டுத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாவது தடவை நானே கேட்டேன், இந்த மெத்தடோன் எங்கே தருவார்கள் என்று. முதல் தடவையே அறிவுரை சொல்லியிருந்தால் திரும்பப் போயிருக்க மாட்டேன்.

#10 வெண்தாமரை (ஸ்கார்பரோ)

அநாமதேயம், எந்தக் கடை என்று கேட்கமாட்டேன். என்னிடமும் சிலர் அப்படிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் இதுவரை "நெக்ஸ்ட்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

முருகனுக்குக் கோபம் வந்திருக்காது.

#11 சிங்கம்78

முன்னால் எழுதியதற்கு மன்னிக்கவும். கருத்தை மாற்றவில்லை, தொனிக்குத்தான் மன்னிப்பு.

#12 கணக்கப்பிள்ளை (டொராண்டோ)

அநாமதேயம் தம்பி, நீங்கள் நலமாக இருப்பதில் உண்மையிலேயே சந்தோஷம். மையத்தைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள் என்பதை நான் இப்போதும் சொல்வேன். ஆனால் மூடிய மையங்களின் இடத்தில் கொண்டுவந்த புதிய இடங்களில் ஊசி மாற்றித் தருவதும் கிடையாது என்று நேற்றுத்தான் படித்தேன். அது எனக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. உங்களை மாதிரி ஒருவர் ஒன்பதாவது தடவை கேட்பதற்கு முதல் தடவை எங்கே போவார்?

வேறொரு விஷயம். மூத்தவன் செப்டம்பரில் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறான். அவன் எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. வெண்தாமரையும் பெரியம்மா வீட்டைப் பற்றி அப்படித்தான் தயங்கியிருக்கிறார். கடையில் போய்க் கேட்டால் பெயர் பதிவார்களா? எப்போது அடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் போலீஸ் வந்து பையன்களை அள்ளிக்கொண்டு போகுமா? வான் வண்டியில் வைத்திருக்கலாமா?

#13 வெண்தாமரை (ஸ்கார்பரோ)

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அண்ணை.

ஹெல்த் கார்டு தேவையில்லை, "நலோக்சோன் கிட் வேணும்" என்று கேட்டாலே போதும். யாருக்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தோளை உலுக்கி, பெயர் சொல்லிக் கத்திப் பாருங்கள். எழும்பவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது இல்லவே இல்லை, தொண்டையில் குறட்டை மாதிரி கொரகொர சத்தம், கண்மணி ஊசிமுனை அளவு. "உதடு நீலமாகும்" என்று காகிதத்தில் எழுதியிருக்கும். நம் நிறத்துக்கு நீலம் தெரியாது, சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். உதட்டை விலக்கி முரசையும் (பல் ஈறு), நகத்தையும் பாருங்கள். பெரியம்மா அந்தக் குறட்டையைக் கேட்டிருக்கிறார் என்று பிறகு சொன்னார்.

911ஐ அழைத்துவிட்டு ஒரு மூக்குத் துளையில் முழுதாக அடியுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லையென்றால் அடுத்த துளையில் இரண்டாவது. ஆள் எழும்பினால் நன்றி சொல்லமாட்டார், கோபமாகத்தான் எழும்புவார். எழும்பிவிட்டார் என்று விட்டுவிட்டுப் போகக்கூடாது. மருந்தின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உள்ளே இருக்கும் சரக்கு அதற்குப் பிறகும் இருக்கலாம்.

போலீஸ்: 2017இல் வந்த சட்டப்படி, உதவிக்கு அழைத்தவர் மீதும் அங்கே இருந்தவர்கள் மீதும் வெறுமனே கையில் வைத்திருந்ததற்கு வழக்குப் போடமுடியாது. மூத்தவனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பையன்கள் அழைக்காமல் ஓடுவது இந்தப் பயத்தில்தான்.

வான் வண்டியில் வேண்டாம். நம் ஊர்க் குளிருக்கு மைனஸ் 15க்குக் கீழே உறைந்துவிடும். உறைந்ததை வீட்டுக்குள் கால் மணி நேரம் வைத்தால் திரும்பவும் பாவிக்கலாம், ஆனால் தேவைப்படும் நேரத்தில் கால் மணி நேரம் இருக்காது. கோட்டின் உள்பையில் வையுங்கள். மூத்தவனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாகவே கேட்டு வாங்குங்கள். நான் நேற்று பெரியம்மா வீட்டுக்கு ஒன்று கொண்டுபோனேன், சின்னவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி, சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.